வளரிளம் பிள்ளைகளின் வாழ்க்கை நெருக்கடிகளை அளக்கப் போகிறீர்களா? தொடங்கும் முன் படியுங்கள்

ஆய்வுப் படிப்புக்காகவோ பள்ளிக் கவுன்சலர் வேலையின் பகுதியாகவோ, வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் "போன ஒரு வருஷத்தில் உனக்கு என்னென்ன நடந்தது, அது உன் மனசை எப்படிப் பாதித்தது" என்று கேட்டு அளக்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். இந்த வேலையை ஒருமுறை முழுசாகச் செய்து முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், புள்ளியியல் கடைசியில் வருகிற வேலை. ஆளைத் திணறடிப்பது அதற்கு முந்தைய கடிதங்களும் அனுமதிகளும்தான். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு நாள் ஒதுக்குவது என்று ஒரே இடத்தில் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நடந்தது வேறு, பாதித்தது வேறு. கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை.

1. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யாரை, எதை, எந்தக் காலத்துக்கு

கேள்வித்தாளைத் தேடி இணையத்தில் இறங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இந்த நான்குக்கும் பதில் எழுதுங்கள்.

வயது என்ன? உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது, ஆனால் 10 வயதுக்காரருக்கும் 18 வயதுக்காரருக்கும் ஒரே கேள்வித்தாள் பொருந்தாது. 12 முதல் 17 என்பதுபோல் குறுக்கிக்கொண்டால் பின்னால் பல தலைவலிகள் இல்லை.

எந்தக் காலம்? நிகழ்வுகளுக்குக் கடந்த 12 மாதம் என்பதுதான் பரவலான வழக்கம். அதற்கும் பின்னால் போனால் ஞாபகம் மங்கும், சின்ன நிகழ்வுகள் முதலில் உதிர்ந்துவிடும், பெரியவை மட்டும் நிற்கும்.

ஒருமுறை நடந்ததா, தொடர்ந்து நடப்பதா? தாத்தா இறந்தது ஒரு நாளில் நடந்தது. வீட்டில் கடன் நெருக்கடி என்பது வருஷக்கணக்கில் ஓடுவது. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே டிக் என்றால் அந்த வித்தியாசம் தொலைந்துவிடும்.

அந்த நிகழ்வில் பிள்ளையின் பங்கு உண்டா? அப்பாவுக்கு வேலை போனதில் பிள்ளைக்குப் பங்கில்லை. நண்பனோடு சண்டை போட்டதில் இருக்கலாம், அந்தச் சண்டைக்கே ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு காரணமாக இருக்கலாம். சோர்ந்திருப்பவர்கள் தங்களைச் சுற்றி இன்னும் நெருக்கடிகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதை 1991இல் கான்ஸ்டன்ஸ் ஹாமன் எடுத்துக் காட்டினார். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிகழ்வையும் 'பிள்ளையின் கையில் இல்லாதது', 'பங்கு இருக்கக்கூடியது' என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள். தரவு வந்த பிறகு பிரித்தால் முடிவைப் பார்த்துப் பிரித்ததாகத்தான் நினைப்பார்கள்.

2. நிகழ்வுப் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் முதல் பொறி. தேடியதும் கைக்குக் கிடைப்பது ஹோம்ஸ், ராஹே இருவரும் 1967இல் வெளியிட்ட 43 நிகழ்வுகள் கொண்ட அளவுகோல். அது பெரியவர்களுக்கானது. வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50 என்று போகும். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நீட்ட முடியாது என்பது ஒருபுறம். அதைவிட முக்கியமாக, 'தூக்கத்தில் மாற்றம்', 'சாப்பாட்டில் மாற்றம்' ஆகியவையும் அதில் நிகழ்வுகளாக இருக்கின்றன. இவை மனச்சோர்வின் அறிகுறிகள். நிகழ்வுப் பட்டியலிலும் மனச்சோர்வு அளவுகோலிலும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதுவதில் என்ன அர்த்தம்? எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் அறிகுறிகள் ஒளிந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கென்றே உருவானவை இருக்கின்றன. காடிங்டன் 1972இல் தந்த பட்டியல், ஜான்சனும் மெக்கட்சனும் 1980இல் தந்த 46 நிகழ்வுகள் கொண்ட பட்டியல், சீனாவில் 1997இல் உருவான 27 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் பட்டியல் ஆகியவை நிறையப் பயன்படுகின்றன. ஜான்சன்–மெக்கட்சன் பட்டியலில் எனக்குப் பிடித்தது, நிகழ்வு நல்லதா கெட்டதா என்று பிள்ளையையே சொல்லவிட்டு, பிறகு எவ்வளவு பாதித்தது என்று தனியாகக் கேட்பது. வீடு மாறியது ஒரு பிள்ளைக்கு இழப்பு, இன்னொரு பிள்ளைக்கு விடுதலை. அதை நாம் உட்கார்ந்து தீர்மானிக்கத் தேவையில்லை.

பட்டியலே போதாது, ஆழமாக வேண்டும் என்றால் நேர்காணல் முறைகள் உண்டு. பிரவுன், ஹாரிஸ் இருவரின் முறையில், நிகழ்வின் சூழலை விரிவாகக் கேட்டுவிட்டு, அதன் கடுமையை ஒரு குழு மதிப்பிடும். அந்த நபர் எப்படி உடைந்துபோனார் என்பது குழுவுக்குச் சொல்லப்படாது. நடந்ததையும் பாதித்ததையும் பிரிப்பதற்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கே பல மணி நேரம் போய்விடும், பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். தனி ஆளாக, பட்ஜெட் இல்லாமல் செய்கிறவர்களுக்குப் பட்டியலே போதும், அதன் வரம்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் சரி.

3. மனநல அளவுகோலை எடுங்கள், கூடவே லைசன்ஸைப் பாருங்கள்

ஆசைப்பட்டு ஐந்தாறு அளவுகோல்களைச் சேர்க்காதீர்கள். மொத்தக் கேள்வித்தாளும் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிய வேண்டும், அதிலும் விளக்கம் சொல்லும் நேரம் போக அரை மணிதான் மிச்சம். இரண்டு அளவுகோல் தாராளம்.

இலவசமாகக் கிடைப்பவை:

பிஹெச்க்யூ-9. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. அனுமதி கேட்கவே தேவையில்லை. வளரிளம் பருவத்தினருக்கென்று மாற்றிய வடிவமும் உண்டு. மனச்சோர்வுக்கு.

ஜிஏடி-7. ஏழு கேள்வி, அதே இரண்டு வாரம், மொத்தம் 21. இதுவும் இலவசம். பதற்றத்துக்கு.

எஸ்டிக்யூ. ராபர்ட் குட்மன் உருவாக்கியது, 25 கேள்வி, ஐந்து பிரிவு, கடந்த ஆறு மாதம். பிள்ளையின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களையும் நல்ல குணங்களையும் சேர்த்துப் பார்ப்பது. பிள்ளையே நிரப்பும் வடிவம் 11 முதல் 17 வயதுக்கு. தாளில் அச்சிட்டுப் பயன்படுத்தினால் காசில்லை. ஆனால் சொற்களை மாற்றவோ, நீங்களாகக் கணினிப் படிவமாக ஆக்கவோ கூடாது. கூகுள் படிவத்தில் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எம்எஃப்க்யூ. 33 கேள்வி கொண்ட நீண்ட வடிவம், 13 கேள்வி கொண்ட குறு வடிவம். மனச்சோர்வுக்கு.

கிரைஸ்-8. எட்டே கேள்வி. ஒரு குறிப்பிட்ட அதிர்ச்சி நிகழ்வு மனதில் திரும்பத் திரும்ப வருகிறதா, அதை நினைக்காமல் தவிர்க்கிறார்களா என்று பார்ப்பது. விபத்து, பேரிடர் போன்ற ஒரே நிகழ்வைச் சுற்றிய ஆய்வு என்றால் இதை விடாதீர்கள்.

காசு கட்ட வேண்டியவை: மரியா கோவாக்ஸின் சிடிஐ, பெக்கின் பிடிஐ-2, இரண்டும் மனச்சோர்வுக்கு. இரண்டும் நல்ல அளவுகோல்கள்தான், ஆனால் பதிப்பாளரிடம் பிரதிக் கணக்கில் வாங்க வேண்டும், வாங்குபவருக்குத் தகுதிச் சான்று கேட்பார்கள். யாரோ ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்ததைப் பயன்படுத்திவிட்டு, கட்டுரையை வெளியிடும் நேரத்தில் அனுமதி எங்கே என்று இதழ் கேட்டால் ஒரு வருஷ உழைப்பு அப்படியே நின்றுபோகும்.

அளவுகோலின் உரிமையாளருக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். யார், எந்த நிறுவனம், எத்தனை பிள்ளைகள், எந்த மொழி, வணிக நோக்கம் இல்லை, இந்த ஐந்தும் இருந்தால் போதும். பதில் ஒரு வாரத்திலும் வரும், இரண்டு மாதத்திலும் வரும். வந்த பதிலைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், பின்னால் வரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு (ஆய்வால் பிள்ளைகளுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு) அது வேண்டும்.

4. மொழிபெயர்ப்பும் பைலட்டும்

தமிழில் ஏற்கெனவே அதிகாரபூர்வ வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்டிக்யூவுக்கும் பிஹெச்க்யூ-9க்கும் இருக்கிறது. இருந்தால் அதைத் தொடாதீர்கள், உங்களுக்கு நடை பிடிக்காவிட்டாலும்கூட. இல்லாதவற்றுக்கு இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒன்றாக இணைத்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பிட வேண்டும். இதற்கு ஒன்றரை மாதமாவது வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் கட்டணம்தான் சிறிய ஆய்வுகளில் பெரிய செலவாக வந்து நிற்கும்.

பிறகு பைலட், அதாவது சிறிய முன்னோட்டம். பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருங்கள், நிரப்பச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் "இதைப் படித்ததும் என்ன நினைத்தாய்" என்று கேளுங்கள். 'குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையான நோய்' என்ற வரியை ஒரு பையன் டிக் செய்திருந்தான். யாருக்கு என்று கேட்டால் தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சல். அடுத்து உட்கார்ந்திருந்த பெண் அதே வரியைக் காலியாக விட்டிருந்தாள், அவள் அம்மா டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அது நான்கு வருஷமாகவே இருக்கிறதாம், "போன வருஷம் நடந்தது இல்லையே" என்றாள். கேள்வியை அவள் சரியாகத்தான் படித்திருந்தாள், கேள்விதான் சரியில்லை. 'மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு, அல்லது தொடர்ந்து சிகிச்சை எடுக்கும் அளவுக்கு நோய், இப்போதும் தொடர்ந்தாலும் குறிக்கவும்' என்று மாற்றிய பிறகுதான் அந்த வரி வேலை செய்தது. உங்கள் சொந்தப் பட்டியல் என்றால் இப்படித் திருத்தலாம். உரிமையுள்ள பட்டியல் என்றால் திருத்தத்துக்கும் அனுமதி கேளுங்கள்.

5. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கான ஏற்பாடு

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். பத்து முதல் பத்தொன்பது வயதுக்காரர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 300 பிள்ளைகளிடம் கேட்டால் நாற்பது பேருக்கு மேல் அப்படி இருக்கலாம். பிஹெச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று நேரடியாகக் கேட்கிறது. அதில் 0 தவிர வேறெந்த எண்ணைக் குறித்த பிள்ளையையும் அன்றைக்கே ஒருவர் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். அடுத்த வாரம் ஸ்கோர் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே கிடையாது.

அதனால் கேள்வித்தாளில் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பெயரே இல்லை என்றால் பிள்ளைகள் மனம்விட்டு எழுதுவார்கள், ஆனால் ஒன்பதாவது கேள்வியில் 3 போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியாது. பெயர் எழுதச் சொன்னால் மறைப்பார்கள். நடுவழி, தாளில் எண் மட்டும் இருப்பது, எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒருவரிடம் பூட்டிய இடத்தில் இருப்பது. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: "நீங்கள் எழுதியது வீட்டுக்கோ ஆசிரியருக்கோ போகாது, ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், யாராவது உங்களுக்குக் கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால், நான் பேசாமல் இருக்க மாட்டேன்."

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா என்று பள்ளியில் கட்டாயம் கேட்பார்கள். 2005இல் வெளியான ஒரு சோதனையில், நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2,342 பேரை இரண்டு தொகுதியாக்கி, ஒரு தொகுதியிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டும் மற்றதிடம் கேட்காமலும் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. அந்த ஆய்வின் பிரதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை இவை: தாள்களைச் சேகரித்த உடனே அந்த ஒரு கேள்வியை மட்டும் யார் புரட்டிப் பார்ப்பார், பிள்ளையோடு பேசும் கவுன்சலர் யார், எந்த அறையில், பெற்றோருக்கு எப்போது யார் சொல்வது, மேல்சிகிச்சைக்கு எந்த மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் கவுன்சலரும் மருத்துவரும் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இவர்களுக்கான சன்மானத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள், நட்புக்காகச் செய்கிறேன் என்பவர் அன்றைக்கு வர முடியாமல் போகலாம்.

6. எத்திக்ஸ் கமிட்டி

சமர்ப்பிக்க வேண்டிய காகிதங்கள் பெரும்பாலும் இவைதான்:

- ஆய்வுத் திட்டம், கால அட்டவணை, பட்ஜெட்
- கேள்வித்தாளின் இறுதி வடிவம், பயன்படுத்தும் எல்லா மொழிகளிலும், பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு
- அளவுகோல் உரிமையாளர்களின் அனுமதி
- பெற்றோருக்கான தகவல் தாள், சம்மதப் படிவம்
- பிள்ளைக்கான தனிச் சம்மதப் படிவம், அவர்கள் வயதுக்குப் புரிகிற மொழியில்
- ஐந்தாவது படியில் எழுதிய ஏற்பாடு, கையெழுத்துக் கடிதங்களோடு
- தரவு எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்ற குறிப்பு
- பள்ளியின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம்

இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். பல கமிட்டிகள் மாதத்துக்கு ஒருமுறை அல்லது அதைவிடக் குறைவாகத்தான் கூடும், ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். திருப்பி அனுப்புவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், பிள்ளைக்கான படிவம் பெற்றோர் படிவத்தின் நகலாக இருப்பது. பைலட்டுக்கும் ஒப்புதல் வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அதைத் தனியாக முன்கூட்டியே கேளுங்கள். ஒப்புதல் வந்தபின் கேள்வித்தாளில் ஒரு சொல்லை மாற்றினாலும் திரும்பவும் தெரிவிக்க வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதி, ஆய்வுத் திட்டங்களைத் தரவு வரும் முன்பே தேதியோடு பதிந்து வைக்கும் ஓஎஸ்எஃப் இணையத்தளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

7. பள்ளி, பெற்றோர், தேதி

பெற்றோர் படிவம் திரும்பி வர இரண்டு வாரம் விடுங்கள், நடுவில் ஒரு நினைவூட்டல். பாதிதான் திரும்பி வரும் என்று எண்ணி அதிகமாகவே அச்சடியுங்கள். நெருக்கடி அதிகமுள்ள வீடுகளிலிருந்துதான் படிவம் திரும்பாமல் போகும் வாய்ப்பு அதிகம், ஆகவே எத்தனை பேர் தரவில்லை என்பதை வகுப்புவாரியாகக் குறித்து வையுங்கள்.

தேதி விஷயத்தில் கறாராக இருங்கள். தேர்வு வாரத்தில் எடுத்தால் பதற்ற ஸ்கோர் தேர்வைத்தான் காட்டும். நீண்ட விடுமுறை முடிந்த முதல் வாரமும் வேண்டாம், பிஹெச்க்யூ கேட்கும் 'கடந்த இரண்டு வாரம்' முழுக்க விடுமுறையாக இருக்கும். வெள்ளிக்கிழமையும் கூடாது. ஒன்பதாவது கேள்வியில் மாட்டிய பிள்ளையைப் பார்க்க அடுத்து இரண்டு நாள் பள்ளியே இருக்காது.

8. வகுப்பறையில்

வகுப்பாசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள், மரியாதையாக, முந்தின நாளே. இருக்கைகளைத் தள்ளிப் போடுங்கள். நிரப்ப விருப்பமில்லாத பிள்ளைகளுக்கு அதே அளவு தாளில் ஒரு புதிர்ப் பக்கம் கொடுங்கள், யார் எழுதவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி கனமானதாக இருக்கக் கூடாது, பிடித்த பொழுதுபோக்கு எது என்பதுபோல் ஒன்றோடு முடியட்டும். உதவி எண்கள் உள்ள சீட்டை எல்லோருக்கும் கொடுங்கள், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அதுவே அடையாளமாகிவிடும்.

9. ஸ்கோரும் பகுப்பாய்வும்

தரவு ஏற்றும்போது 'நடக்கவில்லை', 'நடந்தது ஆனால் பாதிக்கவில்லை', 'பதில் எழுதவில்லை' மூன்றுக்கும் மூன்று வேறு குறிகள். மூன்றையும் 0 ஆக்கிவிட்டால் மீட்க முடியாது. பிறகு நிகழ்வு எண்ணிக்கை ஒரு மாறி, பாதிப்பு மதிப்பெண் இன்னொரு மாறி. பாதிப்பு மதிப்பெண்ணை மட்டும் மனச்சோர்வோடு பொருத்தினால் தொடர்பு பலமாகத்தான் வரும், ஏனென்றால் சோர்ந்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கடுமையாகவே மதிப்பிடும். எண்ணிக்கையிலும் தொடர்பு தெரிகிறதா என்று பாருங்கள், அதிலும் பிள்ளையின் கையில் இல்லாத நிகழ்வுகளில்.

எஸ்டிக்யூவில் ஐந்து கேள்விகளுக்கு (7, 11, 14, 21, 25) மதிப்பெண் தலைகீழ். ஒரு பிரிவின் ஐந்து கேள்விகளில் குறைந்தது மூன்று நிரப்பப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு ஸ்கோர் போடலாம்.

நிகழ்வுப் பட்டியலுக்குக் க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) எங்கே என்று வழிகாட்டியோ தேர்வாளரோ கேட்பார்கள். தாத்தா இறந்ததும் தேர்வில் தோற்றதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வர வேண்டிய அவசியம் இல்லை, எனவே அந்தப் பட்டியலுக்கு ஆல்ஃபா குறைவாக வருவது குறையே அல்ல. பதிலாக, ஒரு சிறு குழுவிடம் இரண்டு வாரம் கழித்து மீண்டும் நிரப்பச் சொல்லி ஒத்துப்போகிறதா என்று காட்டுங்கள். அறிகுறி அளவுகோல்களுக்கு ஆல்ஃபா கட்டாயம் போடுங்கள்.

ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வகுப்புக்கு 40 பேர், வகுப்புக்குள் ஒத்திசைவு (ஒரே வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற எண், ஐசிசி) 0.02 மட்டுமே என்றாலும் உங்கள் 400 பேர் உண்மையில் சுமார் 225 பேருக்குத்தான் சமம். மாதிரி அளவைத் தீர்மானிக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பகுப்பாய்வில் பிள்ளை, வகுப்பு என்ற இரண்டு நிலையையும் கணக்கில் எடுக்கும் மல்டிலெவல் மாடலைப் பயன்படுத்துங்கள்.

ஒரே நாளில் எடுத்த தரவை வைத்துக்கொண்டு 'காரணம்' என்று எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம் இன்னொரு முறை எடுக்க முடிந்தால் எடுங்கள், அச்சுச் செலவும் ஒரு நாள் உழைப்பும்தான் கூடுதல், கிடைக்கும் விடையோ பல மடங்கு. கட்-ஆஃப் (எல்லை மதிப்பெண்) தாண்டியவர்களை 'மனச்சோர்வு நோயாளிகள்' என்றும் எழுதாதீர்கள். இவை சல்லடைகள், நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் நேர்காணல்.

10. பள்ளிக்கு அறிக்கை, பட்டியலை அழித்தல்

தலைமையாசிரியர் வகுப்புவாரியாக விவரம் கேட்பார், நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். எட்டு பெண்கள் மட்டுமே உள்ள ஒரு பிரிவில் 'மூன்று பேருக்குக் கடுமை' என்று கொடுத்தால் அந்த மூன்று பேரைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும். ஆகவே சிறிய தொகுதிகளைச் சேர்த்து, பள்ளி அளவிலான எண்களை மட்டும் கொடுங்கள், இந்த நிபந்தனையைத் தொடக்க ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருங்கள். கடைசித் தொடர்நடவடிக்கை முடிந்ததும் எண்–பெயர் பட்டியலை அழித்து, அழித்த தேதியைக் குறித்துக் கமிட்டிக்கு ஒரு வரி அனுப்புங்கள்.